விரல் அளவு

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் சாமியப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாத ஒரு வேலை இருந்தது. மண்ணரைக் குளக்கரையில் மகள் மதுமதியோடு பூச்சிகளைப் படம் பிடித்து, பெயர் கண்டுபிடித்து நோட்டில் ஒட்டுவார். அளவு தெரியட்டுமென்று இன்ச் டேப்பைப் பக்கத்தில் வைக்கப் போனால் அவள் விடமாட்டாள்.

"டேப்பப் பாத்தா ஓடிப்போயிருமுங்கப்பா" என்று தன் சுட்டுவிரலை வைப்பாள்.

ஆடியில், மருதாணி வைத்த நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் மதுமதி இறந்துபோனாள்.

ஆவணியில் சாமியப்பன் தனியாகப் போனார். எருக்கஞ்செடியில் இருந்த வெட்டுக்கிளிக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துப் படம் எடுத்தார். ஸ்டூடியோவில் பிரிண்ட் வாங்கிப் பார்த்தபோது, டேப்புக்கு இந்தப் பக்கம் அந்த விரல் இருந்தது. நகம் முழுக்க மருதாணிச் சிவப்பு.

அடுத்த வாரம் பொறிவண்டு. அதற்கடுத்த வாரம் கும்பிடுபூச்சி. எல்லாவற்றிலும் விரல் இருந்தது. டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். வாராவாரம் நகம் வளர வளர, சிவப்பு நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. மனைவி தங்கமணியிடம் அவர் சொல்லவில்லை.

மார்கழியில் அவளாகவே நோட்டை எடுத்தாள். முதலிலிருந்து நிதானமாகப் புரட்டினாள். கடைசிப் படத்தில் ஒரு தும்பி, பக்கத்தில் விரல். நீண்டு வளைந்த நகத்தின் நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. அடியில் அழுக்கு.

தங்கமணி அழவில்லை. முந்தானையால் படத்தைத் துடைத்தாள்.

"ஏனுங்க, அங்க புள்ளைக்கு நகம் வெட்டி உடறதுக்கு ஆருமில்லீங்களா?"