வெளியே போன வட்டம்

"ஒரே ஒரு கேள்வி தம்பி. அதுக்குப் பதில் சொல்லுங்க, போயிருதேன்."

பந்தல்குடியிலிருந்து பாளையம்பட்டியில் சந்தீப் வீட்டுக்கு வந்திருந்தாள் காளீஸ்வரி. அவள் புருஷன் மாரிக்கண்ணன் ஜெயிலில் இருந்தான். அணுமின் நிலைய ரகசியத்தை விற்றவன் என்று ஊரே காறித் துப்பிக்கொண்டிருந்தது. ஊருக்கென்ன, துப்புவதற்கு ஒரு முகம் கிடைத்தால் போதும்.

சந்தீப் தலை குனிந்து நின்றான். அவனும் மாரிக்கண்ணனும் ஒரே செக்‌ஷன். உலையில் எந்த எரிபொருள் கட்டு நடுவில், எது ஓரத்தில், எதை வெளியே எடுப்பது என்று ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் தனித்தனியாகப் போட்டு ஒத்துப் பார்ப்பது அவர்கள் வேலை.

கடைசியில் அது பல நிறக் கட்டங்கள் நிறைந்த ஒரு வட்டமாகத் திரையில் நிற்கும். அந்த வட்டத்தின் போட்டோ யார் யார் போனிலோ சுற்றிப் போலீஸிடம் சிக்கியிருந்தது.

"அண்ணன் ஒத்துக்கிட்டாராமே அக்கா?"

"பஸ்ஸுல கம்ப்யூட்டரைத் திறந்து மடியில வச்சுக்கிட்டுக் கண்ணசந்துட்டாகளாம். அப்பத்தான் எவனோ எடுத்திருக்கணும்னு அவுகளே சொல்லிட்டாக. ஒருவேளை உங்ககிட்ட இருந்து போயிருக்குமோன்னு ஒரு நப்பாசை தம்பி."

"சத்தியமா இல்லக்கா. ஆபீஸ்ல கேட்டுத்தான் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டாந்தேன். போலீஸும் குடைஞ்சு பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. இந்த ரூமுக்கு யாரு வாரா? அப்பா சாப்பிடக் கூப்பிட வருவாரு. அவருக்கு அது வெறும் கலர் கட்டம்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. காளீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்ப அவுகதான். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்காத்தா வீட்டுக்குப் போயிருதேன். இனி அந்த மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த தறியின் சத்தம் நின்றது. சந்தீப்பின் அப்பா சென்னகேசவன் கையைத் துடைத்தபடி வந்தார். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அங்கே இல்லை. அம்மா ராமலட்சுமி குங்குமத்தை நீட்ட, அவர் தறியில் அறுத்த புதுச் சேலை ஒன்றை விரித்துக் காட்டினார்.

சந்தீப் கிட்டே வந்து பார்த்தான். சேலை முழுக்கப் பல நிறக் கட்டங்கள் நிறைந்த அதே வட்டம்.

"புட்டா புதுசு தாயி. தம்பி கம்ப்யூட்டர்ல இருந்துச்சு, தறிக்கு டிசைன் அட்டை அடிக்கிறவருக்கு நாந்தான் போட்டோ எடுத்து அனுப்புனேன்."