சிவப்பு வட்டம்

இடுப்பு ஒடிந்த வலியில் புரண்டுகூடப் படுக்க முடியவில்லை. படப்பிடிப்பில் லைட் கட்டிய சாரம் சரிந்து, அதோடு விழுந்தவன் நான். அன்று காலை, சினிமாச் செய்தி சேனல் நடத்தும் பழைய அறைத்தோழன் தவமணி செட்டுக்கு வந்திருந்தான். வெயிலுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, நான் குடிப்பதைப் படமெடுத்தான். இப்போது அவன் சேனலில் அந்தப் பாட்டிலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே பெரிய எழுத்தில், 'லைட்மேன் விழுந்தது போதையிலா?'

போன் போட்டேன். "நீ வாங்கிக் குடுத்த சோடாடா அது!"

"கேள்விக்குறிதான மாப்ள போட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் பேசுனாத்தான நியாயம்? புரொட்யூசர், ஹீரோவோட பேட்டி வாங்கித் தர்றேன்னிருக்காரு. என் பொழப்பையும் பாரு."

குடித்துவிட்டு விழுந்தவனுக்கு நஷ்டஈடு கிடையாது என்று படக் கம்பெனி கைவிரித்துவிட்டது. 'அவன் குடித்தது வெறும் சோடா.' அந்த ஒரு வரி தவமணி எனக்குப் பாக்கி.