செய்தியறையில் உறவுக்காரன்

மாலை ஆறு மணி. தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கிறது. செய்தியறையின் மூலை மேசையில் உட்கார்ந்து, தணிக்கைக்கு வந்திருக்கும் போலீஸ்காரன் நேமானி, நிருபர் வசிதி எழுதிய செய்தியைப் படிக்கிறான். விசாரணைக்குக் கொண்டுபோன ஒருவன் காவலில் செத்துப்போன செய்தி. நேமானியின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. அவனுடைய தீவும் அவளுடைய தீவும் தௌவு, தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு கொண்டவை. அந்த உறவில் எவ்வளவு கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது. பதிலுக்குக் கேலி செய்யாமல் விடவும் கூடாது.

"என்னடா கடல் அட்டை, எழுத்துக் கூட்டிப் படிக்கிறியா?" என்கிறாள் வசிதி. "உங்க தீவுப் பள்ளிக்கூடத்தத்தான் எப்பவோ நண்டு தின்னுடுச்சே."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்து அடங்குகிறது. போன வாரம் என்றால், உங்க ஊர்ல மீனுக்கே நீந்தத் தெரியாது என்றிருப்பான். இப்போது சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே கோடாக இழுக்கிறான். அடித்த இடத்தை வெறுமையாக விடவும் அனுமதியில்லை. பக்கம் கட்டுகிறவள் அங்கே ஒரு ரக்பி படத்தை வைத்துப் பார்க்கிறாள். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் எழுந்து எழுந்து விழுகிறது.

"இத உனக்குச் சொன்ன நர்ஸ் பேரு வேணும்," என்கிறான் தாழ்ந்த குரலில். "கீழ போலீஸ் வண்டி நிக்குது. பேரச் சொன்னா நீ வீட்டுக்குப் போகலாம்."

பெயரைச் சொல்லாமல் வசிதி எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறாள். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"நேமானி, ஒரு தடவ திருப்பித் திட்டுடா."