தாடை இறங்கும் கணக்கு

ஆங்கில டியூஷன் நடக்கும் வீட்டில், கரும்பலகைக்குப் பின்னால் ஒரு சுண்டெலி குடியிருந்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்த வித்தை அதற்கு அத்துப்படி. முகவாய்க்கடியில் கையை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ, அந்த வார்த்தையில் அத்தனை சிலபிள், அதாவது அசை. "எலிஃபன்ட், மூணு" என்று அது சொன்னால் அக்கம்பக்கத்து எலியெல்லாம் வாய் பிளக்கும். அர்த்தம் நடத்தும்போது மட்டும் அது தூங்கிவிடும்.

ஒருநாள் பசியோடு வந்த பெருச்சாளி, அலமாரிக்கடியில் ஒரு பொட்டலத்தைக் கண்டது. மேலே ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது.

"தம்பி, நீ படிச்சவன். இது என்னன்னு பாரு."

சுண்டெலி முகவாயில் கையை வைத்தது. "பாய்... சன். ரெண்டு சிலபிள், அண்ணே."

"அப்படின்னா?"

"அதான் சொன்னேனே, ரெண்டு."

"திங்கலாமா, கூடாதா?"

சுண்டெலிக்கு எரிச்சல் வந்தது. "அதான் சரியாப் பிரிச்சாச்சே, இன்னும் என்ன சந்தேகம்?"

படித்தவன் சொன்னபிறகு மறுபேச்சு ஏது? பெருச்சாளி பொட்டலத்தைக் காலி செய்தது. கொஞ்ச நேரத்தில் மல்லாந்து விழுந்தது. அதன் தாடை மெல்ல இறங்கியது, திரும்ப ஏறவில்லை.

சுண்டெலி அதன் முகவாய்க்கடியில் கை வைத்துப் பார்த்தது.

"ஒண்ணு" என்றது.