ஒரே வீட்டுக்கு முப்பத்தெட்டு

"எங்கட கஸ்டமரை வேற கொம்பனிக்குக் காட்டிக் குடுக்க எவ்வளவு வாங்கினாய்? உண்மையைச் சொல்லு!"

கிருஷ்ணராஜ் அண்ணை மேசையில அடிச்ச அடியில தேத்தண்ணிக் கோப்பை சரிஞ்சுது. லவினா அதை நிமித்தி வைச்சாள்.

கொம்பனி எண்டால் பெரிசா நினைக்காதேங்கோ. வெள்ளவத்தையில ஒரு புடவைக் கடைக்கு மேல ஒரு அறை. அண்ணை முதலாளி. லவினா ஓடர் எடுக்கிறவள். நான் ஜெயகுமார், சாமானின்ர பாகங்களைப் பூட்டி, பழுது பாக்கிறவன். விக்கிறது ஒரேயொரு சாமான்தான், கைக்கு அடக்கமான கேம் செட். ஒண்டு பதினெட்டாயிரத்து ஐஞ்ஞூறு.

"பிள்ளையின்ர கையில போனைக் குடுக்கப் பயப்படுற தாய் தேப்பன் எத்தினை பேர்! இன்ரநெற் இல்லாத கேம் செட் எண்டால் அள்ளிக்கொண்டு போவினம்" எண்டுதான் அண்ணை தொடங்கினவர்.

ஒருத்தரும் அள்ளேல்ல. பிள்ளையள் போனைத்தான் கேட்டுதுகள், தாய் தேப்பனும் அதைத்தான் குடுத்திச்சினம்.

அண்ணை அரைவாசியாப் போனார். அவற்ற மனிசி துஷ்யந்தி அக்கா கொட்டாஞ்சேனையில ஒரு பார்மசியில பில் போடுறவ. விடிய எழும்பி, அவருக்குச் சோத்துப் பெட்டி கட்டிக் குடுத்திட்டுத்தான் வேலைக்குப் போவா. அந்தப் பெட்டி பின்னேரம் அப்பிடியே திரும்பிப் போகும். எனக்கே பாக்கப் பாவமா இருக்கும்.

பிறகுதான் முகத்துவாரத்தில இருந்து ஓடர் வரத் தொடங்கினது. இராமலெட்சுமி எண்டு ஒரு ஆள். முதல் ஒண்டு, பிறகு ரெண்டு, பிறகு கிழமைக்கு நாலு. சாமான் கைக்குப் போனதும் காசு வந்திடும். ஓடர் வந்த அண்டைக்கு அண்ணை பகிடி விடுவார். சோத்துப் பெட்டியையும் வழிச்சுத் துடைச்சிடுவார்.

மூண்டு மாசத்தில முப்பத்தெட்டு.

"சேர், எல்லாம் ஒரே வீட்டுக்குத்தான் போகுது. ஒருக்கா விசாரிச்சுப் பாப்பமே?" எண்டு லவினா அப்பவே கேட்டவள்.

"விசர்க்கதை கதையாதே. அந்த மனிசி வாங்கி அக்கம் பக்கம் விக்கிறா. ஒரு லேனுக்கே முப்பத்தெட்டு எண்டால், கொழும்பு முழுக்க எவ்வளவு போகும்? யோசி!"

கல்குலேட்டரைத் தட்டினார். கொட்டாஞ்சேனை வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய்ப் புறக்கோட்டை உலகப்பன் முதலாளியிட்ட அடகு வைச்சார். ரெண்டாயிரம் செட் எடுப்பிச்சார்.

"அக்காவுக்குத் தெரியுமோ, அண்ணை?"

"வாய் திறந்திடாதே. வித்து முடிச்சு, உறுதியை மீட்டு, அவளின்ர கையில குடுக்கேக்க சொல்லுவம்."

சாமான் வந்து ஒருகொடவத்தை ஸ்ரோரில இறங்கின கிழமையே முகத்துவாரம் ஓடர் நிண்டு போச்சு. ஒரு மாசமா ஒண்டும் இல்லை. உலகப்பன் முதலாளி தந்த தவணை வாற வெள்ளிக்கிழமையோட முடியுது. அதோட வீடு போயிடும்.

அந்தக் கோவம்தான் இண்டைக்கு லவினாவின்ர தலையில விடிஞ்சுது.

"உன்னைத் தவிர அந்த அட்ரஸ் ஆருக்குத் தெரியும்? வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். போ!"

லவினா ஹாண்ட்பாக்கை எடுத்தாள். "நான் அப்பவே சொன்னனான், சேர்" எண்டிட்டு இறங்கிப் போனாள். அவள் அப்பிடிச் செய்யமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரேல்ல. வெக்கக்கேடு.

"வா, நேர போய்க் கேப்பம்" எண்டார் அண்ணை. முகத்துவாரத்துக்கு ஓட்டோ பிடிச்சம். திறக்காத சோத்துப் பெட்டி அவற்ற மடியில இருந்தது.

ஓடைக்கரை ஓரமா ஒரு அறை வீடு. கதவைத் திறந்த மனிசிக்கு, அண்ணையின்ர சேர்ட்டில கொம்பனிப் பேரைக் கண்டதும் முகம் வெளிறிப் போச்சு.

"நீங்கதானே இராமலெட்சுமி? ஏன் ஓடரை நிப்பாட்டினீங்கள்? ஆர் விலை குறைச்சுத் தந்தது? சொல்லுங்கோ, நான் இன்னும் குறைச்சுத் தாறன்."

மனிசி குனிஞ்சு, கட்டிலுக்குக் கீழ தொங்கின துணியைத் தூக்கினா.

எல்லாம் எங்கட பெட்டியள். நான் ஒட்டின ஸ்ரிக்கர் ஒண்டுகூடக் கிழியேல்ல.

"ஒண்டையும் விக்கேல்லையோ?" அண்ணையின்ர குரல் இறங்கிப் போச்சு.

"விக்கக் கூடாது, சும்மாவும் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க ஐயா. வெளிய போனா உங்க காதுக்கு வந்துருமாம்."

"ஆர் சொன்னது?"

"நான் கூட்டித் துடைக்கிற பார்மசியில பில் போடுற அக்கா. காசெல்லாம் அவங்க காசு. ரெண்டு காப்பையும் வித்துட்டாங்க. போன மாசம், 'இனி விக்க ஒண்ணுமில்ல லெட்சுமி'ன்னு சொல்லி அழுதாங்க."

அண்ணை கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டார்.

"துஷ்யந்தியோ? ஐயோ... ஏன் இப்பிடிச் செய்தவள்?"

இராமலெட்சுமி அவற்ற கையில இருந்த சோத்துப் பெட்டியைப் பாத்தா.

"ஓடர் வந்த அன்னிக்கு மட்டும்தான் இதைக் காலியாக் கொண்டு வருவீங்களாம், ஐயா."