நான்காவது திருத்தம்

மதிய இடைவேளை. ஆபீஸ் மாடியில் அவள் மட்டும் இருக்கிறாள். ஜன்னல் வெயில் காலி நாற்காலிகளின் மேல் ஏறி இறங்குகிறது, ஏசி தனக்குத்தானே முனகிக்கொண்டிருக்கிறது. ஊழியர் விவரங்களில் யார் எதைத் திருத்தினாலும் பழையது அழியாமல் தனிப் பட்டியலில் சேர வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் அவள் எழுதிய புரோகிராம் அது. ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் தன் பதிவையே திறக்கிறாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: முதலில் கணவர். பிறகு அம்மா. பிறகு காலி. மூன்றும் அவளே செய்தவை. நான்காவதாகவும் ஒரு வரி இருக்கிறது, போன வாரத் தேதியில். திருத்தியவர் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் அக்கா. போன் எண்ணும் அந்த அக்காவுடையதுதான். உறவு என்ற இடத்தில் ‘அக்கா’. கழுவிய டிபன் டப்பாவோடு அக்காவே உள்ளே வருகிறாள். “என்னக்கா, இதுல உங்க நம்பர் இருக்கு?” அக்கா திரையைப் பார்க்காமல் ஈரக் கையை உதறுகிறாள். “அதுவா? காலியா விட்டா சேவ் ஆக மாட்டேங்குது. நீ எழுதின புரோகிராம், என்னைக் கேட்டா?” டப்பா மூடியை அழுத்திக்கொண்டே போய்விடுகிறாள். காலியாக விட்டாலும் சேவ் ஆகும். அப்படி மாற்றி எழுதியவள் இவள்தான், அம்மா இறந்த மறுவாரம்.