சாம்பல் நிறப் பெட்டி

"பக்கத்து வீடு எங்க?"

கட்டப்போகும் மாடி வீட்டை அகல டி.வி.யில் பார்த்ததும் சின்னக்கருப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

இன்ஜினியர் ஜெயகிருஷ்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. அஸ்திவாரம் தோண்டும் முன்னாலேயே வீட்டைக் கம்ப்யூட்டரில் த்ரீடியாக எழுப்பிக் காட்டுகிற ஆபீஸ் அவருடையது. கோவில்பட்டி வெயிலில் அங்கே வேப்பமரம் வளர ரெண்டு நொடி. கரிசலில் பச்சைப் புல்தரை விரிய ஒரே நொடி. மழையை மட்டும் இன்னும் இறக்கவில்லை. இறக்கியிருந்தால் சுத்துப்பட்டியில் வானம் பார்த்து விதைத்த சம்சாரிகள் எல்லாம் அவர் ஆபீஸ் வாசலில்தான் படுத்திருப்பார்கள்.

"அதோ இருக்குல்லா அண்ணாச்சி, சாம்பல் கலர்ல ஒரு பெட்டி? அதான் பக்கத்து வீடு."

"பெட்டியா? ஏன், சொர்ணத்தாய் வீட்டுக்குக் கதவில்லையா, ஓடில்லையா?"

படத்தை வரைந்த அல்ஃபியா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "நம்ம வீட்டை மட்டும்தான் அண்ணாச்சி முழுசா வரைவோம். சொவரு, ஜன்னல் எல்லாம் சின்னச் சின்ன முக்கோணமா ஒட்டி ஒட்டிச் செய்யுதது. உங்க ஜன்னல் கம்பிக்கே எட்டாயிரம் முக்கோணம் ஆயிருக்கு. தூரத்து மரம் வெறும் அட்டை. பக்கத்து வீடு பெட்டி. எல்லாத்தையும் வரைஞ்சா கம்ப்யூட்டர் தாங்காது."

"அதெல்லாம் தாங்கும். அவ வீட்டை உள்ளபடி வரை தாயி. ஓடு சரிஞ்சது, சொவரு வெடிச்சது எல்லாம் வேணும். வாசலை விட்ராத. அங்கன மிளகா வத்தல் காயுது, அதையும் போடு. இல்லைன்னா நான் வேற ஆபீஸ் பாத்துக்கிடுதேன்."

அவர் படியிறங்கியதும் ஜெயகிருஷ்ணன் கையைப் பிசைந்தார். "நாலு மாசத்துல வந்த ஒரே மாடி வீடும்மா. முகம் கோணாம போயி அளந்துட்டு வந்துரு."

சின்னக்கருப்பனின் ஊரான எப்போதும்வென்றானில் பஸ்ஸைவிட்டு இறங்கிப் போய், அல்ஃபியா ரெண்டு படம் எடுப்பதற்குள் சொர்ணத்தாய் வாசல் பெருக்கிய வாரியலோடு வந்துவிட்டாள்.

"ஏட்டி! எவன் சொல்லிப் படம் புடிக்கே? மேக்கு வீட்டுக்காரனா?"

"ஆமா பெரியம்மா. அவிய புது வீட்டுப் படத்துல உங்க வீடும் வரணுமாம்."

"வரும் வரும். குட்டிச்சொவரு பக்கத்துல நின்னாத்தானே அவன் மாடி எடுப்பாத் தெரியும்! வேலியோர வேப்பமரத்துக்குச் சண்டை போட்டு எட்டு வருசமா மூஞ்சி பாக்காத மனுசன், இப்ப வீட்டைப் பாக்கானோ?"

வாசல் முழுக்கச் செக்கச்செவேலென்று வத்தல். அல்ஃபியா தும்மிய தும்மலுக்கு வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் விளாத்திகுளம் பக்கம் பறந்துவிட்டன.

"தள்ளி நில்லுட்டி! உன் நிழலு வத்தல்ல விழுது. காயாம வெளுத்துப் போச்சுன்னா வருசச் சோறு போச்சு எனக்கு."

திட்டிக்கொண்டே ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அல்ஃபியா தண்ணீரைக் குடித்தபடி சரிந்த ஓட்டைப் பார்த்தாள். ஒத்தையாளாய் வத்தல் காயப்போட்டுப் பிழைக்கிறவளைப் பக்கத்தில் நிறுத்தித்தான் இந்த மனிதருக்குப் பெருமை வரவேண்டுமா?

ஆனாலும் வரைந்தாள். ஓட்டுக்கு ஓடு, வெடிப்புக்கு வெடிப்பு. வத்தலை ஒவ்வொன்றாக உருவம் செய்து பரப்பினாள். கம்ப்யூட்டர் இரைத்த இரைப்பில், கயத்தாறில் லாரிக்காரர்கள் டயர் போச்சென்று இறங்கிப் பார்த்ததாகக் கேள்வி. பிறகு அத்தனை வத்தலையும் எடுத்துவிட்டுத் தரையில் வத்தல் போட்டோவை ஒட்டி, அதன் உயிரைக் காப்பாற்றினாள்.

மறுவாரம் சின்னக்கருப்பன் வந்தார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, பக்கத்துல அந்த வீடு வந்ததும் உங்க மாடி அரண்மனை கணக்கா நிக்குதே!" என்றார் ஜெயகிருஷ்ணன்.

அல்ஃபியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சின்னக்கருப்பன் அரண்மனையைப் பார்க்கவே இல்லை. "இதுல வெயிலு உண்டா தாயி?"

"உண்டு. எந்த மாசம், எத்தனை மணின்னு சொன்னா அப்படியே விழும்."

"பங்குனி. சாயங்காலம் மூணு மணி."

மேல்வெயிலில் மாடி மினுங்குவதைப் பார்க்க ஆசையாக்கும் என்று வேண்டாவெறுப்பாகத் தட்டினாள்.

சூரியன் மேற்கே சரிந்தது. மாடியின் நிழல் மெல்ல நீண்டது, வேலியைத் தாண்டியது, சொர்ணத்தாய் வாசலில் ஏறிப் படுத்துக்கொண்டது. செக்கச்செவேலென்று கிடந்த வத்தல் முழுக்கக் கறுத்துப் போனது.

சின்னக்கருப்பன் தலையைச் சொறிந்தார்.

"மாடிய எடு தாயி."

"என்னது?"

"எடுத்துக் காட்டேன்."

எடுத்தாள். நிழல் வேலிக்கு இந்தப்பக்கமே நின்றுகொண்டது. வாசல் மறுபடி சிவந்தது.

"அம்புட்டுத்தான். மாடி வேண்டாம், இதையே கட்டிருவோம்."

ஜெயகிருஷ்ணன் பதறினார். "மாடி இருந்தாத்தானே அண்ணாச்சி மதிப்பு! ஊருக்கெல்லாம் சொல்லியாச்சே, கேப்பாவளே?"

"கரிசமண்ணு, மாடி தாங்காதுன்னு நீங்க சொன்னதாச் சொல்லிக்கிடுதேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினவரின் பின்னாலேயே அல்ஃபியா படிவரை ஓடினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வத்தல் நெடி ஆபீஸ்வரைக்கும் வந்துவிட்டது போல.

"அண்ணாச்சி... அந்தப் பெரியம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

சின்னக்கருப்பன் பாதிப் படியில் திடுக்கிட்டு நின்றார்.

"வேற வெனையே வேண்டாம் தாயி! எட்டு வருசமாக் கட்டிக்காத்த சண்டை, கெட்டுப் போகும்."